டிக்கெட் கவுண்டரில் மொய் எழுதும் மண்டபம்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் சந்தை கூடும் ஓர் ஊரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது, பழைய தியேட்டர் ஒன்றை மாற்றி அமைத்த இந்தக் கல்யாண மண்டபம். வாசலில் புதுப் பெயர் எல்.இ.டி. எழுத்தில் மின்னுகிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பழைய தியேட்டரின் பெயரைச் சொன்னால்தான் வண்டி நேராக வந்து நிற்கும். அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், வெளியூர் ஆட்கள் அலையமாட்டார்கள். குறைகளையும் விரிவாக எழுத வேண்டியிருப்பதால் இரண்டு பெயரையும் இங்கே போடவில்லை. பழைய ஒற்றைத் திரை தியேட்டரை மண்டபமாக்கினால் எங்கேயும் அளவுதான் கொஞ்சம் மாறும். நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

மூடிய தியேட்டருக்கு இந்தப் பக்கம் நாலைந்து கதிதான் வாய்க்கிறது. மேற்கே ரப்பர் ஷீட்டும் கொப்பரையும் அடுக்குகிற குடோன், ரோட்டோரமாக இருந்தால் பர்னிச்சர் கடை அல்லது சூப்பர் மார்க்கெட், வாரிசுகளுக்குள் வழக்கு என்றால் வௌவால் குடியிருப்பு, வழக்கு முடிந்தால் இடிப்பு. திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்த டி.கே. விநியோக ஏரியாவுக்குப் படப்பெட்டி வந்துகொண்டிருந்தவரை ஓட்டை ஷீட்டோடும் மூட்டைப்பூச்சியோடும் எப்படியோ ஓடின. 35 எம்.எம். பிரிண்ட் நின்று டிஜிட்டலுக்கு மாறிய 2010-களில், புது புரொஜெக்டர், சர்வர், ஏசி, குஷன் சீட் என்று ஒரே நேரத்தில் பணம் போடவேண்டி வந்தது. சந்தை ஊரில் ரோட்டை ஒட்டிய அரை ஏக்கர் நிலத்தின் விலை அந்தக் கணக்கைத் தோற்கடித்துவிட்டது. மிச்சம் பிழைத்திருந்தவற்றையும் 2020 ஊரடங்கு பதம் பார்த்தது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், கல்யாண மண்டபமாக மாறுவது ஒரு தியேட்டருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவுகளில் ஒன்று. சுவரும் கூரையும் நிற்கின்றன, ஊர்ச்சனம் திரும்பவும் கூட்டமாக உள்ளே வருகிறது. அதனால்தான் இந்த மாற்றத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று அளந்து பார்ப்பது அவசியமாகிறது.

முகப்பைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள், அதற்கு முதல் பாராட்டு. இடது பக்கம் பழைய டிக்கெட் கவுண்டர் அப்படியே இருக்கிறது. முக்கால் அடிகூட அகலமில்லாத வளைவான பொந்து. அதன் அடித்தட்டு அயனிப் பலகை. ஆயிரக்கணக்கான கைகள் சில்லறையை நீட்டி, டிக்கெட்டை உருவி, அந்தப் பலகையின் நடுவில் ஒரு பள்ளமே விழுந்து கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கிறது. வார்னிஷ் அடித்துக் கெடுக்கவில்லை. இப்போது அதற்குப் பின்னால்தான் மொய் எழுதுகிறவர்கள் உட்காருகிறார்கள். கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் சுருள் (மொய் போன்ற பண முறை) வைப்பதும் இங்கேதான். வேலைக்கும் இது பொருத்தமான இடம். உள்ளே பூட்டுள்ள அறை, வெளியே ஒரு கை மட்டும் நுழைகிற வழி, பணப்பெட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்? கியூவுக்கென்று கட்டிய இரண்டடி அகலச் சந்து வழியை மட்டும் பூட்டிவைத்திருக்கிறார்கள். கூட்டம் முண்டினால் அதில் ஆள் மாட்டிக்கொள்ளும், பூட்டியதே சரி.

ஹாலுக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது தரை. உள்ளளவு ஏறக்குறைய 100 அடி நீளம், 50 அடி அகலம். தியேட்டராக இருந்தபோது பின்பக்கத்திலிருந்து திரை வரை 5 அடி வாட்டம் இருந்திருக்கிறது. வெளியே பக்கச் சுவரில் பழைய படிகளின் தடமும் பூச்சு மாறியிருக்கிற கோடும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்த வாட்டத்தை முழுவதும் மண் போட்டு நிரவி, மேலே டைல் பதித்துச் சமதரை ஆக்கிவிட்டார்கள். இந்த மண்டபத்தின் பாதிக் குறைகள் இந்த ஒரு வேலையில் தொடங்குகின்றன.

மண் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி இரண்டரை அடி ஆழம் என்றால் 12,500 கன அடி, அதாவது 125 யூனிட். திமிசு போட்டு இறுக்கினால் கால் பங்கு அமுங்கும். ஆக 165 யூனிட்டுக்கு மேல் கொட்டியாக வேண்டும். 3 யூனிட் டிப்பரில் ஐம்பது லோடுக்கு மேல். இவ்வளவு மண்ணையும் அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இறுக்கினால்தான் நிற்கும். அவசரத்தில் இரண்டு மூன்று அடி ஒரே தட்டாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் விட்டால் அடி மண் பொலபொலவென்றே கிடக்கும். ஒரு மழைக்காலம் போனதும் தரை உட்காரும். இங்கே மேடைக்கு முன்னால் நடுப்பகுதியில் நாலைந்து வரிசை டைலைத் தட்டினால் பொந்து சத்தம் கேட்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியும் இருக்கிறது. சேர் ஆடுவது அதனால்தான்.

மண்ணின் எடை பக்கவாட்டிலும் தள்ளும். பழைய திரைச்சுவர் கூரையைத் தாங்கக் கட்டிய சுவர், மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. அதன் உள்பக்கம் ஐந்தடி உயரத்துக்கு மண் முட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த மண்ணில் ஈரமும் இருக்கிறது. வெளியே போய் அந்த மேற்குச் சுவரின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து நிற்கிறது. இப்போதைக்கு வெடிப்பு இல்லை. உட்புறம் ஒரு தனித் தடுப்புச் சுவர் எழுப்பி, அடியில் தண்ணீர் கசிந்து வெளியேற மூன்றங்குலக் குழாய்களை ஆறடிக்கு ஒன்றாக வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இப்போதும் செய்யலாம், ஆனால் மேடையைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

உண்மையில் இந்த மண்ணே தேவைப்பட்டிருக்காது. 100 அடிக்கு 5 அடி என்பது 20-க்கு 1 வாட்டம். சக்கர நாற்காலி தள்ளுகிற சாய்தளத்துக்கே 12-க்கு 1 வரை ஏற்பார்கள். சொரசொரப்பான டைல் போட்டு அந்த வாட்டத்தை அப்படியே வைத்திருந்தால் கடைசி வரிசைப் பாட்டிக்கும் தாலி கட்டுவது தெரிந்திருக்கும். சேர் சாய்கிறது என்று தோன்றினால் பத்தடிக்கு ஒன்றாக அரையடி உயரப் படித்தட்டுகள் அமைத்து, நடைபாதையை மட்டும் வாட்டமாக விட்டிருக்கலாம். இப்போது சமதரையில் இரண்டரை அடி மேடை. முன்னால் வீடியோக்காரர், போட்டோக்காரர், டிரோன் வைத்திருப்பவர் என்று நாலு பேர் நின்றால், எட்டாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் கல்யாணத்தை டிவியில்தான் பார்க்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர் தலை மறைக்காமல் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் கட்டிய தரை அது. அதை ஐம்பது லோடு மண்ணால் மூடியது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மண் நிரப்பியதில் வந்த பெரிய ஆபத்து கதவுகளில் இருக்கிறது, இதை ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தியேட்டருக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று என்று ஆறு வெளியேறும் கதவுகள் இருந்தன. எல்லாம் ஐந்தடி அகலம், எல்லாம் வெளியே திறப்பவை. திரைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கதவுகளின் லிண்டல் (கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் கட்டை) பழைய தரையிலிருந்து ஏழடி உயரத்தில். அங்கே நாலரை அடி மண் ஏறியதும் மிச்சம் இரண்டரை அடிதான், ஆள் குனிந்தும் போகமுடியாது. ஆகவே அவற்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நடுக்கதவுகள் இரண்டுக்கும் லிண்டலை உடைத்து உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் வெளித்தரை அப்படியே இருப்பதால் கதவைத் திறந்ததும் ஐந்து படி இறங்க வேண்டும். கைப்பிடி இல்லை. ஒரு கதவுக்கு வெளியே ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகளை வரிசையாக வைத்து வழியைக் குறுக்கியும் இருக்கிறார்கள். பின்கதவுகள் இரண்டு மட்டும் குறையில்லாமல் இருக்கின்றன.

ஹோமம் வளர்ப்பது, குத்துவிளக்கு, துணி அலங்காரம், பிளாஸ்டிக் பூ, வீடியோ லைட்டு, தற்காலிக வயரிங் எல்லாம் மேடைப் பக்கம். அந்தப் பக்கம்தான் இப்போது வழியில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே எரிந்தது கீற்றுப் பந்தல், இங்கே கூரை தகரம்; ஆனால் புகைக்கும் நெரிசலுக்கும் அந்த வித்தியாசம் கிடையாது. மேடையின் இரண்டு ஓரத்திலும் பழைய கதவு இருந்த இடத்துக்கு நேர் மேலே, புதுத் தரை மட்டத்தில் ஐந்தடி அகலத்தில் கதவு உடைத்து, வெளியே ஒரு தட்டும், அரையடி உயரமும் ஓரடி அகலமுமான ஒன்பது படிகளும், இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைத்தால் தீர்ந்துவிடும். ஒரு கொத்தனார் குழுவுக்கு இரண்டு வார வேலை. உரிமையாளர் இதை அடுத்த முகூர்த்த சீசனுக்கு முன்னால் செய்ய வேண்டும். அதுவரை மண்டபத்தை எடுக்கிறவர்கள் நடுக்கதவுகளின் தாழ்ப்பாளை நிகழ்ச்சி முடியும்வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள். சேர்களை அந்த வழியில் அடுக்க விடாதீர்கள்.

அடுத்தது சத்தம். தியேட்டர் என்பது சத்தத்தை அடக்க வேலை செய்த கட்டடம். பக்கச் சுவரில் ஓட்டை போட்ட ஹார்ட்போர்டும் அதற்குப் பின்னால் சாக்கும் தென்னை நாரும், மேலே மரநார்ப் பலகை, கீழே நூற்றுக்கணக்கான சீட்டு, இவையெல்லாம் சேர்ந்து எதிரொலியைக் குடித்துவிடும். சிதல் பிடித்துவிட்டது, எலி கூடு கட்டிவிட்டது என்று எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்தது தவறில்லை, அவை போக வேண்டியவைதான். அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு வழுவழு டைல், அதற்கு மேல் டெக்ஸ்சர் பெயின்ட், கூரைக்கு ஜிப்சம் சீலிங் என்று போட்டதுதான் தவறு. இவை ஒன்றுமே சத்தத்தை உறிஞ்சாது.

ஒலியியலில் சபைன் கணக்கு என்று ஒன்று உண்டு. அறையின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று கிடைக்கும். இந்த ஹாலின் கொள்ளளவு சுமார் 3,400 கன மீட்டர். டைல், பெயின்ட், ஜிப்சம் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது 54 சதுர மீட்டர் அளவுதான். ஆக, காலி ஹாலுக்கு 10 வினாடி. கதவு, பால்கனி, மேடைத் திரைச்சீலை இவற்றால் நடைமுறையில் கொஞ்சம் குறையும்; என்றாலும் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினால் சத்தம் மேலே போய்ச் சுற்றிச் சுற்றி வருவது நன்றாகவே கேட்கும். 500 பேர் உட்கார்ந்தால் அவர்களுடைய உடம்பும் உடையுமே உறிஞ்சி, 2 வினாடிக்கு வந்துவிடும். நாதஸ்வரத்துக்கு 2 வினாடி தாங்கும், பக்கவாட்டில் கேட்க இனிமையாகக்கூட இருக்கும். தவிலின் ஒவ்வோர் அடியும் அடுத்த அடியோடு கலந்துவிடும். சிங்காரி மேளத்தை உள்ளே அடிக்கவே கூடாது, வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரவேற்பில் வாழ்த்துரை பேசுகிறவர் என்ன சொன்னார் என்று பாதி ஹாலுக்குப் புரியாது.

சரிசெய்வது கடினமில்லை. சீலிங்கில் பாதி, அதாவது 2,500 சதுர அடியை ஜிப்சத்திலிருந்து மினரல் ஃபைபர் டைலுக்கு மாற்றினால் காலி ஹாலில் 2.7 வினாடி, நிறைந்த ஹாலில் 1.3 வினாடி என்று வந்துவிடும். அந்தப் பாதி, ஹாலின் பின்பக்கமாக இருக்கட்டும். பின்சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம்தான் மேடைக்கு வந்து மைக்கில் ஏறி ஊளையிடுகிறது. அது நடக்கும்வரை மைக்செட்காரரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: மேடையில் இரண்டு பெரிய பெட்டி வைத்துக் கடைசிவரை தள்ளப் பார்க்க வேண்டாம். மேடைக்கு இரண்டு சிறியது, பாதி ஹாலில் சுவரோரமாக நெட்டையான இரண்டு காலம் (column) ஸ்பீக்கர், எல்லாம் குறைந்த வால்யூமில். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிற ஜோடிக்கு 44 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) கொடுத்தால் இரண்டு சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும்.

கூரையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கூரையைத் தாங்கும் சட்டங்களான பழைய ரிவெட் அடித்த இரும்பு டிரஸ்களை வெட்டி எடைக்குப் போடாமல், துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டை எடுத்துவிட்டு அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸை உடைக்காமல், நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்குவதுதான் முறை. உலர்ந்ததை அறுத்தால் அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். இதே வேலையைச் செய்யவிருக்கும் மற்ற உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. சிமெண்ட் ஷீட் சதுர மீட்டருக்கு 13, 14 கிலோ இருக்கும், கலர் ஷீட் 5 கிலோவுக்குள். எடை குறைந்தது டிரஸ்ஸுக்கு நல்லது, காற்றுக்கோ கொண்டாட்டம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும், 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் போட்ட ஆட்டமும் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பழைய ஷீட் தன் எடையாலேயே உட்கார்ந்திருந்தது. புது ஷீட்டை ஸ்குரூவும், பர்லினை (ஷீட் உட்காரும் நீளச் சட்டம்) டிரஸ்ஸோடும் டிரஸ்ஸைச் சுவரோடும் பிணைக்கிற போல்ட்டும்தான் பிடித்துவைக்க வேண்டும். இங்கே ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்குரூவை நெருக்கி அடித்திருப்பது தெரிகிறது. சுவருக்குள் போகிற டிரஸ் நுனிகளை மட்டும் சீலிங் மறைத்துவிட்டது. துரு முதலில் தின்பது அந்த நுனியைத்தான். சீலிங்கில் ஆள் நுழைகிற அளவு ஒரு திறப்பு வைத்து ஆண்டுக்கொருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற மண் இது, ஆறு மாதம் கூரைக்கு வேலை இருக்கும். தகர ஷீட்டில் பெருமழை விழுந்தால் கெட்டிமேளத்தையே அமுக்கிவிடும். சீலிங்குக்கு மேல் இரண்டங்குலக் கண்ணாடிக் கம்பளி விரித்தால் சத்தமும் வெயில் சூடும் சேர்ந்து குறையும். இங்கே விரிக்கவில்லை. ஒழுகுவது இரண்டே இடத்தில்: திரைச்சுவரும் ஷீட்டும் சேருகிற மூட்டில் ஒன்று, மழைத்தண்ணீர்ப் பாத்தி பலா இலையால் அடைபட்டு உள்பக்கம் வழிவது மற்றொன்று. பக்கத்துத் தோட்டத்துப் பலாவை வெட்டச் சொல்லவில்லை, பாத்திக்கு மேல் கம்பி வலை போட்டால் போதும்.

அலங்காரம் செய்கிறவர்களுக்கு ஒன்று. சீலிங் திறப்பு வழியாகக் கயிறு விட்டுப் பூச்சட்டம், லைட் பார் தொங்கவிடுகிறார்கள். டிரஸ்ஸின் கீழ்க்கம்பியில் நடுவாந்தரமாகக் கட்டினால் கம்பி வளையும். குறுக்குக் கம்பிகள் வந்து சேருகிற முடிச்சில் மட்டும் கட்டுங்கள். ஒரு முடிச்சில் ஓர் ஆள் எடைக்கு மேல் வேண்டாம். அதைவிடப் பாரமானதைத் தரையிலிருந்து கால் ஊன்றி நிறுத்துவதுதான் சரி.

ஏசி போதாது. பத்து டவர் ஏசி, ஒவ்வொன்றும் 3 டன், மொத்தம் 30 டன். 500 பேர் உடம்புச் சூடு மட்டுமே 17 டன்னைத் தின்றுவிடும். உள்ளே விட வேண்டிய வெளிக்காற்று, தகரக் கூரை, விளக்கு எல்லாம் சேர்த்தால் 50 டன் பக்கம் வரும். தாலி கட்டும் நேரத்துக்கு ஹால் முழுக்கப் புழுங்குவதற்கு இதுதான் காரணம், மெஷின் மேல் குறையில்லை. ஜன்னலே இல்லாத கட்டடம் என்பதால் தியேட்டரில் சுவர் உச்சியில் பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகளுக்கு வட்டத் துளைகள் இருந்தன. ஏசிக் காற்று போய்விடும் என்று அவற்றை அடைத்துவிட்டார்கள். நாலு துளையையாவது திறந்து விசிறி மாட்டினால் சாம்பிராணிப் புகையும் மூச்சுக்காற்றும் வெளியேறும். 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் ஏசியும் சமையலறை மோட்டாரும் மேடை லைட்டும் ஒருசேர ஓடாது; ஏசியில் மூன்றை நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் மணிக்கு பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும், அது வாடகையில் சேராது.

இந்தக் கட்டடத்தில் மனசு நின்றுபோகிற இடம் ஆபரேட்டர் கேபின். வெளியே இருக்கிற இரும்புப் படியில் ஏறினால் தடித்த கான்கிரீட் அறை. எரியும் நைட்ரேட் ஃபிலிம் காலத்துப் பயத்தில் பிறந்த விதிப்படி கட்டப்பட்டது, தீ பிடித்தாலும் ஹாலுக்குள் வராது. சுவரில் நாலு சதுரத் துளைகள். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ஒளி போக ஒன்று, ஆபரேட்டர் எட்டிப்பார்க்க ஒன்று. துளைக்கு மேலே தண்டவாளத்தில் நிற்கிற இரும்புத் தட்டு, அதைப் பிடித்திருக்கும் சங்கிலியில் ஈயக் கலப்பு வளையம். அறைக்குள் சூடு ஏறினால் வளையம் உருகி, தட்டு தானாக விழுந்து துளையை மூடும். மொத்த அமைப்பும் இன்னும் வேலை செய்கிறது. தட்டைத் தூக்கி விட்டால் கிணுங்கென்று வந்து பொருந்துகிறது. தரையில் இரண்டு புரொஜெக்டர்களின் கால் பதிந்த போல்ட்டுகள், கூரையில் கார்பன் புகைக்குழாய் போன வட்டத் துளை. 2,000 அடி ரீல் ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடி முடிவதற்குள் அடுத்த மெஷினில் அடுத்த ரீலை ஏற்றி, கார்பனை மூட்டி, திரையின் மூலையில் புள்ளி தெரிந்ததும் மாற்றிவிடுகிற வேலை இந்த அறைக்குள் நடந்தது.

இதை இடிக்காமல் சவுண்ட், லைட் கட்டுப்பாட்டு அறையாக வைத்திருப்பது இந்த மண்டபத்திலேயே புத்திசாலித்தனமான காரியம். முழு மேடையும் நேராகத் தெரிகிறது, ஆட்கள் வயரைத் தாண்டி நடக்க வேண்டியதில்லை. இங்கிருந்து மேடைப் பின்சுவருக்கு வீடியோவும் போடலாம். தூரம் 90 அடி, 20 அடி அகலப் படம் வேண்டுமென்றால் 4.5-க்கு 1 விகிதமுள்ள நீளத் தூர லென்ஸ் வேண்டும்; வாடகைக்குக் கிடைக்கிற சாதாரண புரொஜெக்டர் பிரயோஜனப்படாது. 5,000 லூமன் போதும், ஆனால் மேடை லைட்டை அணைத்த பிறகுதான். புகைக்குழாய்த் துளையைச் சரியாக அடைக்காததால் மழைத்தண்ணீர் சொட்டுகிறது. மிக்ஸருக்கு மேல் யாரோ பாலித்தீன் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு சிமெண்ட் மூடி போட்டால் முடிந்தது.

பழைய சைக்கிள் ஸ்டாண்டுதான் சாப்பாட்டு ஹால். 60-க்கு 30 அடி, ஐந்து வரிசை, ஆளுக்கு இரண்டடி இலை என்று பந்திக்கு 130 பேர். நம் பக்கத்து விருந்து பருப்பில் தொடங்கி, சாம்பார், புளிசேரி, ரசம் தாண்டி, இரண்டு மூன்று பாயசத்துக்குப் பழமும் பப்படமும் பிசைந்து, மோரில் முடிய 40 நிமிடம் ஆகும். 500 பேருக்கு நாலு பந்தி, நிதானமாக நடக்கும். 800 பேர் என்றால் ஏழு பந்தி, நாலரை மணி நேரம் கடந்துவிடும். அப்படியானால் வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொரு பந்தல் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்குப்புரை (சமையற்கூடம்) விசாலம். உருளியும் வார்ப்பும் இறக்கிவைக்கத் தரை கருங்கல். கலவறைக்கு (சாமான் அறை) தனிப் பூட்டு உண்டு. தண்ணீருக்குக் குறையில்லை.

பால்கனியை இரண்டாகத் தடுத்து மணமக்கள் அறையாக்கியிருக்கிறார்கள். பழைய படித்தட்டுகள் அறைக்குள்ளேயே இருக்கின்றன, பட்டுச்சேலையோடு இறங்கும்போது கவனம். பெண்கள் கழிப்பறை நாலுதான், 500 பேர் கூடுகிற இடத்துக்கு அது கட்டாது. முகூர்த்தத்துக்கும் முதல் பந்திக்கும் நடுவே, இடைவேளை விட்ட தியேட்டர் போல வரிசை நிற்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்களும் நின்றுவிடும். கல்யாணம், நிச்சயதார்த்தம் அல்லாத கூட்டம், பயிற்சி வகுப்பு, கண்காட்சி நடத்துகிறவர்கள் அந்த மாதங்களில் பேசினால் வாடகை இறங்கும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனியா, சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். தாசில்தார் தருகிற பொதுக் கட்டட உரிமத்தின் நகலையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சினிமா உரிமம் வேறு, இது வேறு. பழையதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

300 முதல் 500 பேர் வரை வருகிற காலைக் கல்யாணத்துக்கு இந்த மண்டபத்தைத் தாராளமாக எடுக்கலாம். பேச்சு முக்கியமான நிகழ்ச்சி என்றால் சீலிங் மாறும்வரை வேண்டாம். 800 பேர் என்றால் மேடைப் பக்கக் கதவு திறக்கும்வரை கண்டிப்பாக வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மழை பெய்கிற ஒரு மத்தியானம் போய்ப் பாருங்கள். மேடையின் இடது மூலையில் நின்று மேலே பார்க்க வேண்டும், நடுக்கதவைத் திறந்து ஐந்து படியும் இறங்கிப் பார்க்க வேண்டும். அப்படியே கேபினுக்கும் ஏறிவிட்டு வாருங்கள். வாட்ச்மேனிடம் கேட்டால் சாவி தருவார்.